நெட் ஸ்லோ என்றதும் ரவுட்டர் வாங்க ஓடாதீர்கள்: கேபிள் சிக்னலில் நாம் செய்யும் தவறுகள்

நியூஜெர்சியில் நாங்கள் வாங்கியது பழைய வீடு. முன்பு இருந்தவர்கள் அறைக்கு அறை டிவி வைத்திருந்தார்கள் போல, எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஒரு கேபிள் முனை துருத்திக்கொண்டு நிற்கும். குடிவந்த நாளிலிருந்தே நெட் மந்தம். முதலில் மாதக் கட்டணத்தைக் கூட்டி வேகமான பிளானுக்கு மாறினேன். மாற்றம் இல்லை. அப்புறம் மூன்று பெட்டி மெஷ் வைஃபை வாங்கி மாடிக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று என்று வைத்தேன். ஆபீஸ் மீட்டிங்கில் என் குரல் மட்டும் அப்போதும் விட்டு விட்டுத்தான் போனது. கடைசியில் பார்த்தால், பேஸ்மென்ட்டில் உத்தரத்தோடு உத்தரமாக, ஒரு கேபிளை நாலாகப் பிரிக்கும் நாலுமுனை ஸ்பிளிட்டர் ஒன்று, அதில் மூன்று முனைகள் யாருமே பயன்படுத்தாத கேபிள்களுக்குப் போகின்றன. அதைக் கழற்றிவிட்டு இரண்டு கேபிளையும் நேராக இணைத்ததோடு பிரச்சினை தீர்ந்தது. இந்தப் பொருளில் பெரும்பாலான தவறுகள் இப்படித்தான், கழற்ற வேண்டிய இடத்தில் நாம் புதிதாக ஒன்றைச் சேர்ப்போம்.

சிக்னல் குறைவு என்று சந்தேகம் வந்தால் முதலில் அது சிக்னல்தானா என்று பார்க்க வேண்டும், இதையே பலர் செய்வதில்லை. படுக்கையறையில் போனை வைத்து வேகம் அளந்துவிட்டு கேபிள் கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை, அது வைஃபையின் வேகம். லேப்டாப்பை ஒயர் போட்டு, கேபிள் வந்து சேரும் பெட்டியான மோடத்திலேயே சொருகி அளந்து பாருங்கள். எத்தனை தடவை பார்த்தாலும் 94, 95 என்றே நின்றால் சிக்னலை விட்டுவிடுங்கள், அந்த ஈத்தர்நெட் ஒயரோ போர்ட்டோ 100 மெகாபிட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது, ஒயரை மாற்றினால் போதும். சாயங்காலம் ஏழிலிருந்து பதினொன்று வரை மட்டும் மந்தம், மோடம் காட்டும் எண்களோ நாள் முழுக்க ஒரே மாதிரி நன்றாக இருக்கின்றன என்றால் அது தெருவே ஒரே நேரத்தில் படம் பார்ப்பதால் வரும் நெரிசல். அதற்கு உங்கள் வீட்டுக்குள் மருந்து கிடையாது.

அந்த எண்களை எங்கே பார்ப்பது? பெரும்பாலான கேபிள் மோடங்களில் பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். டவுன்ஸ்ட்ரீம் (வீட்டுக்கு வருவது), அப்ஸ்ட்ரீம் (வீட்டிலிருந்து போவது) என்று இரண்டு அட்டவணைகள் இருக்கும். டவுன்ஸ்ட்ரீம் பவர் மைனஸ் 7க்கும் பிளஸ் 7க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி, மைனஸ் 15, பிளஸ் 15 வரை மோடம் தாங்க வேண்டும் என்பது விதி. பக்கத்திலேயே எஸ்என்ஆர் என்று ஒன்று இருக்கும், இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதைச் சொல்வது. அது 33க்கு மேல் இருக்க வேண்டும், 30க்குக் கீழே போனால் தொல்லைதான். இங்கே ஒரு வேடிக்கையான குழப்பம் நடக்கும். ஊரில் தம்பி வீட்டு ஃபைபர் மோடத்தில் மைனஸ் 20 என்று இருக்கிறதே, நன்றாக ஓடுகிறதே என்று ஒப்பிடுவார்கள். அது ஒளியின் அளவு, டிபிஎம். இது மின் சிக்னலின் அளவு, டிபிஎம்வி. ஃபைபரில் மைனஸ் 20 நல்ல எண், கேபிளில் மைனஸ் 20 என்றால் மோடம் எழுந்து நிற்பதே சந்தேகம்.

டவுன்ஸ்ட்ரீம் எண்ணைப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று பக்கத்தை மூடிவிடுவதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. உண்மையான நோய் பல வீடுகளில் அப்ஸ்ட்ரீமில்தான் ஒளிந்திருக்கும், அதன் கணக்கோ தலைகீழ். டவுன்ஸ்ட்ரீம் எண் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த சத்தத்தின் அளவு. அப்ஸ்ட்ரீம் எண் உங்கள் மோடம் கத்துகிற சத்தத்தின் அளவு. வழியில் இழப்பு அதிகமாக இருந்தால் எதிர்முனையில் இருக்கும் கம்பெனியின் கருவி 'கேட்கவில்லை, இன்னும் சத்தமாகப் பேசு' என்று சொல்லும், மோடமும் ஏற்றிக்கொண்டே போகும். 35லிருந்து 48 வரை சரி. 50ஐத் தாண்டினால் தொண்டை கிழியக் கத்துகிறது என்று அர்த்தம், அதற்கு மேல் ஏற்ற அதனிடம் அவ்வளவாக இடமில்லை. அப்போதுதான் மீட்டிங்கில் குரல் உடையும், படம் ஏற்றினால் பாதியில் நிற்கும். மோடத்தின் பதிவுப் பக்கத்தில் (லாக்) டி3 டைம்அவுட் என்று வரிசையாக வரும், மோடம் கூப்பிட்டது, பதில் வரவில்லை என்பதுதான் அதன் பொருள். டவுன்லோடு வேகம்கூட இதனால் படுக்கும், ஏனென்றால் வந்து சேர்ந்ததற்கெல்லாம் ரசீது திரும்பிப் போக வேண்டிய வழி அதுதான்.

ஸ்பிளிட்டர் இரண்டு பக்கமும் தின்னும். இரண்டுமுனை ஸ்பிளிட்டர் ஒவ்வொரு முனையிலும் சுமார் 3.5 டெசிபல் எடுத்துக்கொள்ளும், நாலுமுனை சுமார் 7. மூன்றுமுனையில் பெரும்பாலும் ஒரு முனை 3.5, மற்ற இரண்டும் 7, எது எது என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள், ஆனால் மோடத்தை 7 முனையில் சொருகிவிட்டு டிவியை 3.5இல் சொருகியிருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 3 டெசிபல் போனால் பாதி சக்தி போய்விட்டது என்று அர்த்தம். என் வீட்டில் டவுன்ஸ்ட்ரீம் மைனஸ் 12, அப்ஸ்ட்ரீம் 52 என்று இருந்தது, நாலுமுனையை எடுத்ததும் மைனஸ் 5, 45 ஆனது. கணக்கு அப்படியே பொருந்துகிறது பாருங்கள். ஸ்பிளிட்டர் கட்டாயம் வேண்டுமென்றால் 5 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருப்பதை வாங்குங்கள். டிஷ் ஆன்டெனாவுக்கென்று விற்பதை இதில் மாட்ட வேண்டாம்.

சரி, சிக்னல் குறைவு என்று தெரிந்ததும் ஆம்ப்ளிஃபையர் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும்தான் அது பெரிதாக்கும், கூடவே தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கும். பவர் எண் அழகாக ஏறும், எஸ்என்ஆர் ஏறாது. டிவிக்கென்று வந்த பழைய ஆம்ப்ளிஃபையர்கள் சிலவற்றில் திரும்பிப் போகும் பாதையே கிடையாது, அதை மாட்டினால் மோடம் கேட்கும், பேச முடியாது.

அந்தக் காலத்து டிவியில் சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும், யாராவது போய்க் கேபிளை ஒரு முறுக்கு முறுக்கினால் சரியாகும். நெட்டில் புள்ளி தெரியாது, பழுதான தரவுப் பொட்டலங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவதால் வெறும் மந்தமாகத் தெரியும். முறுக்க வேண்டியது என்னவோ அதே இடம்தான். வெளியே உள்ள இணைப்புகள் விரலால் மட்டும் திருகி விடப்பட்டிருந்தால் 7/16 அங்குல ஸ்பேனரால் லேசாக இறுக்குங்கள், மோடத்தின் பின்னால் மட்டும் பலம் காட்டாதீர்கள், உள்ளே போர்டோடு பிய்ந்து வந்துவிடும். திருகாமல் சும்மா அழுத்திச் சொருகும் வகைக் கனெக்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள். தளர்ந்த கனெக்டர் ஒரு ஆன்டெனா மாதிரி வேலை செய்யும், வெளி இரைச்சல் அதன் வழியாக உள்ளே புகுந்து அப்ஸ்ட்ரீமில் கலக்கும், அந்தப் பாதையில் தெருவிலுள்ள எல்லா வீடுகளும் ஒன்று சேர்வதால் பக்கத்து வீட்டுக்காரர் நெட்டும் சேர்ந்தே கெடும்.

மந்தமான ஒவ்வொரு முறையும் மோடத்தை அணைத்துப் போடுவதும் தவறுதான். பல மோடங்களில் பிழைக் கணக்கு அதோடு பூஜ்யமாகிவிடும், சாட்சி அழிந்த மாதிரி. அதே சமயம் அன்கரெக்டபிள், அதாவது திருத்த முடியாத பிழைகள், என்ற இடத்தில் லட்சக்கணக்கில் எண் இருக்கிறதே என்று பதறவும் வேண்டாம், மோடம் மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருந்தால் அது மூன்று மாதக் கணக்கு. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். எண்களைப் படமெடுத்து வையுங்கள், காலையில் ஒன்று, வெயில் உச்சியில் ஒன்று, மழை பெய்யும்போது ஒன்று. வெயிலில் கேபிளின் இழப்பு கொஞ்சம் கூடும், அது இயல்பு. மழை வந்தால் மட்டும் விழுகிறது என்றால் வெளியே எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது.

பழுது உங்கள் பக்கமா கம்பெனி பக்கமா என்று தெரிய எளிய வழி, வீட்டுச் சுவரில் கேபிள் உள்ளே நுழையும் இடத்திலிருக்கும் கிரவுண்ட் பிளாக்கில் (கேபிளை எர்த்தோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு) மோடத்தை ஒரு சிறிய கேபிளால் நேராக இணைத்துப் பார்ப்பது. அங்கே எண்கள் நன்றாக இருந்தால் கோளாறு வீட்டுக்குள், அங்கேயும் மோசம் என்றால் கம்பெனியின் பொறுப்பு. அந்த கிரவுண்ட் பிளாக்கையே கழற்றி ஓரிரு இணைப்பைக் குறைக்கலாமே என்று மட்டும் யோசிக்காதீர்கள், இடி மின்னலுக்கான பாதுகாப்பு அது. கம்பத்திலும் தெருப் பெட்டியிலும் கை வைக்க வேண்டாம், அது அவர்களுடைய சொத்து.

போன் செய்யும்போது 'நெட் ஸ்லோ' என்று மட்டும் சொன்னால், மோடம் ஆன்லைனில் இருக்கிறது, எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று மறுபடி அணைத்துப் போடச் சொல்வார்கள். கிரவுண்ட் பிளாக்கிலேயே அப்ஸ்ட்ரீம் 52, நேற்று இரவு மட்டும் இத்தனை டி3 என்று சொல்லிப் பாருங்கள், டெக்னீஷியன் வருவார். பழுது வீட்டுக்குள் என்றால் வந்து போனதற்குக் கட்டணம் கேட்கக்கூடும், அதனால்தான் அந்தச் சோதனையை முதலில் செய்யச் சொன்னேன். போன வருடம் நண்பர் வீட்டுக்கு வந்தவர் சுவருக்கு வெளியே இருந்த கனெக்டரை வெட்டித் தலைகீழாகப் பிடித்தார், உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது, செம்புக் கம்பி பச்சை பிடித்திருந்தது. புதுக் கனெக்டர் போட்டு முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நண்பர் அதற்கு முந்தின வாரம்தான் புது மோடம் வாங்கியிருந்தார்.