எழுத்தைப் பெரிதாக்க விடாத பக்கங்கள்: வலை வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் பெல்லந்தூர், வொயிட்ஃபீல்டு பக்கம் இணையதளம் கட்டும் வேலையில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அலுவலகத்துப் பெரிய திரையில் பார்த்து ‘சரி, அழகாக இருக்கிறது’ என்று நாம் அனுப்பிவிடும் பக்கத்தை, அல்சூரில் ஒரு பெரியவர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு படிக்கப் பார்க்கிறார். வெள்ளெழுத்து நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான். தனக்கு எந்த அளவு வேண்டும் என்று அவர் போனில் ஏற்கெனவே சொல்லிவிட்டார். பக்கம் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

இருப்பதிலேயே மோசமான தவறு ஜூமை, அதாவது விரல்களால் பக்கத்தைப் பெரிதாக்குவதை, பூட்டுவது. பக்கம் போன் திரையில் எப்படிப் பொருந்த வேண்டும் என்று சொல்லும் வியூபோர்ட் வரியில் ‘யூசர்-ஸ்கேலபிள் நோ’ (பயனர் பெரிதாக்கக் கூடாது) என்று எழுதிவிடுகிறார்கள். ஐபோனில் 16 பிக்சலுக்கு (பிக்சல் என்பது திரைப் புள்ளி அளவு) குறைவான எழுத்துள்ள தட்டச்சுக் கட்டத்தைத் தொட்டால் அதன் பிரவுசரான சஃபாரி தானாகவே ஜூம் ஆகும். அதை நிறுத்தத்தான் பெரும்பாலும் இந்தப் பூட்டு. கட்டத்தின் எழுத்தை 16 பிக்சல் ஆக்கினாலே அந்தத் தொல்லை தீர்ந்துவிடும். 2016இல் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 10 முதல் சஃபாரி இந்தப் பூட்டை மதிப்பதில்லை. அதனால் ஐபோனில் மட்டும் சோதிப்பவருக்குக் குறையே தெரியாது. மாட்டிக்கொள்பவர் ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்.

அடுத்தது, எழுத்தளவைப் பிக்சலில் எழுதுவது. பிரவுசரின் இயல்பான அளவு 16 பிக்சல். ஒருவர் அமைப்புகளில் போய் அதை 20 ஆக்கினால், அந்த அளவின் மடங்காகக் கணக்கிடும் ‘ரெம்’ அலகில் எழுதியது கூடவே வளரும், பிக்சலில் எழுதியது அசையாது. கன்ட்ரோலும் பிளஸும் அழுத்திப் பார்த்து ‘பெரிதாகிறதே’ என்பார்கள். அது பக்க ஜூம், அதில் பிக்சலும் வளரும். இந்தக் குறை அங்கே தெரியாது. ரெம்மில் எழுதிவிட்டு, ரெம் கணக்குக்கு அடிப்படையான வேர் அளவை 10 பிக்சல் என்று வைத்தாலும் பயனில்லை, அதுவும் அசையாது. 62.5 சதவீதம் என்று வையுங்கள்; 16இல் அதுவும் 10 பிக்சல்தான், ஆனால் பயனர் மாற்றினால் கூடவே மாறும். திரை அகலத்தை மட்டும் வைத்து அளவு போட்டால் பக்க ஜூமுக்கும் எழுத்து வளராது. கூடவே கொஞ்சம் ரெம் சேர்க்க வேண்டும்.

தமிழுக்கு அதிகம் வலிப்பது நிலையான உயரம். 40 பிக்சல் உயரப் பொத்தானில் ஆங்கிலச் சொல் ஒரு வரியில் அடங்கிவிடும். ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ இரண்டு வரியாகும். எழுத்தைப் பெரிதாக்கினால் இரண்டாவது வரி பொத்தானுக்கு வெளியே போய்விடும், சில சமயம் காணாமலே போகும். வரி உயரத்தை 1.2 என்று நெருக்கி, மிஞ்சுவதை மறைக்கவும் சொன்னால் புள்ளியும் மேல்சுழியும் வெட்டுப்படும். ‘விடு’வையும் ‘வீடு’வையும் பிரிப்பது அந்தச் சுழி ஒன்றுதான். கீழே ‘பூ’, ‘சூ’ போன்றவற்றின் வால் போய்விடும். குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுங்கள், எழுத்துக்கும் பொத்தான் ஓரத்துக்கும் நடுவே உள்ள உள்ளிடைவெளியை, அந்த எழுத்தின் அளவோடு வளரும் ‘எம்’ அலகில் வையுங்கள். தமிழுக்கு வரி உயரம் 1.6 இருந்தால் நல்லது என்பது என் கருத்து.

இதெல்லாம் தனிப்பட்ட ரசனை இல்லை. 200 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் எதுவும் தொலையக் கூடாது என்று 2008இலேயே டபிள்யூசிஏஜி 2.0 (எல்லோரும் பயன்படுத்தும்படி இணையதளம் கட்டுவதற்கான சர்வதேச வழிகாட்டி) சொல்லிவிட்டது. 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்று 2018இன் 2.1 சேர்த்தது. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று நம் உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்திருக்கிறது.

பக்கத்தின் தலையில் ‘அ+’, ‘அ-’ பொத்தான் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது அந்தத் தளத்தோடு முடிந்துவிடும்.

சோதிக்கும்போது குரோம் அமைப்புகளில் எழுத்தளவை ஆகப் பெரியதாக்கி, முகப்புப் பக்கத்தை விட்டுவிட்டு, நேராக உள்நுழைவு, ஓடிபி, பணம் கட்டும் பக்கங்களுக்குப் போங்கள். அங்கே ஒரு பொத்தான் மறைந்தாலும் அந்த அல்சூர் பெரியவரால் மேலே நகர முடியாது.