புற்றுநோயாளியைக் கவுன்சலிங்குக்கு அனுப்பும்போது நடக்கும் தவறுகள்

கண்ணீர் விடுகிறவரைத்தான் பெரும்பாலும் கவுன்சலிங்குக்கு எழுதி அனுப்புகிறார்கள். "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று எழுந்து போகிறவர் விடுபட்டுப்போகிறார். முகத்தைப் பார்த்து எடைபோடாமல் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். டிஸ்ட்ரஸ் தெர்மாமீட்டர் என்ற அளவுகோல் தாளில், கடந்த ஒரு வார மன உளைச்சலை 0 முதல் 10 வரை நோயாளியே குறிப்பார். 4 அல்லது அதற்கு மேல் என்றால் உட்காரவைத்து விசாரிக்க வேண்டும். நோய் தெரிந்த அன்று கேட்டதோடு நிறுத்தாமல், சிகிச்சை முடியும்போதும் நோய் திரும்பும்போதும் கேளுங்கள்.

எண்ணை மட்டும் பார்ப்பதும் தவறு. 7 போட்டவர், அந்தத் தாளில் கூடவே உள்ள பிரச்சினைப் பட்டியலில் வலியையும் பணக்கஷ்டத்தையும் டிக் செய்திருந்தால், அவருக்கு முதலில் வேண்டியது வலி மருந்தும் சமூகப் பணியாளரும்தான்.

அதிகம் சறுக்குவது உடல் காரணங்களில். கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெதசோன் தூக்கத்தைக் கெடுத்து எரிச்சலூட்டும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு சிலரை ஓரிடத்தில் உட்கார விடாது. கேஸ் ஷீட்டில் அது 'பதற்றம்' என்று ஏறிவிடும். திடீரெனப் பேச்சு குறைந்து மந்தமாகக் கிடப்பவருக்கு மனச்சோர்வு என்று எழுதுமுன் டெலிரியமா (உடல் காரணத்தால் திடீரென வரும் மனக்குழப்பம்) என்று பாருங்கள். கால்சியம், சோடியம் அளவையும் பாருங்கள். களைப்பும் பசியின்மையும் கீமோவிலேயே வரும் என்பதால் அவற்றை வைத்து மனச்சோர்வை முடிவுசெய்ய முடியாது. பிடித்த விஷயங்களில் நாட்டம் போய்விட்டதா, எல்லாம் வீண் என்று தோன்றுகிறதா என்று கேட்டால்தான் தெரியும்.

"சைக்யாட்ரி ஓபிக்குப் போங்க" என்று சீட்டு நீட்டினால், 'என்னைக் கைகழுவிவிட்டார்கள்' என்றுதான் பலர் எடுத்துக்கொள்வார்கள்; சீட்டு ஃபைலிலேயே கிடக்கும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இந்தச் சிகிச்சையில பலருக்கும் இப்படி ஆகும். இதைப் பார்க்கிறவர் எங்க டீம்லயே இருக்கார். அடுத்த கீமோ அன்னிக்கே அவரைப் பார்த்துடலாமா?" தேதியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் அடுத்த முறை மீண்டும் கேளுங்கள். முதலில் மறுப்பவர் பிறகு சம்மதிப்பது சகஜம்.

கடிதத்தில் 'கவுன்சலிங் தேவை' என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. நோயின் நிலை, சிகிச்சை குணமாக்கவா நோயைக் கட்டுப்படுத்தவா, மருந்துகள், எந்தக் கேள்விக்காக அனுப்புகிறீர்கள் என்பதெல்லாம் வேண்டும். மார்பகப் புற்றுநோய் மருந்தான டாமோக்சிஃபென் எடுக்கிறார் என்றால் தவறாமல் எழுதுங்கள். மனச்சோர்வு மருந்துகளான பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் இரண்டும் அது உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். தன் நோயைப் பற்றி நோயாளிக்கு எவ்வளவு தெரியும் என்ற வரியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். வீட்டார் மறைத்து வைத்திருந்த செய்தி கவுன்சலர் வாயிலிருந்து வந்துவிட்டால், அந்தக் குடும்பம் மறுபடி அவரிடம் வராது.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இருக்கிறது என்றால் அதற்குக் கடிதமும் காத்திருப்பும் சரிப்படாது. தனியே விடாமல், மனநல மருத்துவரை அப்போதே போனில் அழைத்து அன்றே காட்டுங்கள்.