டென்னிஸ் பந்துக்குள் பதினாறரை மீட்டர் கயிறு: வைரஸ் டிஎன்ஏவை அடைக்கும் விதத்தைக் கையால் செய்து பாருங்கள்

பழைய டென்னிஸ் பந்து ஒன்று, 2 மில்லிமீட்டர் தடிமனில் நைலான் கயிறு பதினாறரை மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நானோமீட்டரை ஒரு மில்லிமீட்டராக நினைத்தால், ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸின் தலை கிட்டத்தட்ட இந்தப் பந்து, அதன் டிஎன்ஏ இந்தக் கயிறு. தையல் நூல் வேண்டாம், அது துவண்டு விழும்; டிஎன்ஏ அப்படி இல்லை, சுமார் 50 நானோமீட்டர் நீளத்துக்கு விறைப்பாகவே நிற்கும், அதாவது கிட்டத்தட்ட பந்தின் அகலத்துக்கு.

முதலில் கயிற்றை மொட்டை மாடியில் நீட்டிப் போட்டுப் பாருங்கள், இத்தனையும் அந்தப் பந்துக்குள்ளா என்று மலைப்பாக இருக்கும். சரி, பந்தை இடுக்கியில் இறுக்கி 4 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, அது வழியாகக் கயிற்றை விரலால் தள்ளுங்கள். ஆரம்பத்தில் சுலபமாகப் போகும். அப்புறம் உள்ளே போன சுருளே எதிர்த்துத் தள்ளும், விரல் வலிக்கும், எனக்குப் பாதிகூடப் போகவில்லை. பந்தை வெட்டினால் கயிறு சுவரோரமாகச் சுருண்டு கிடப்பது தெரியும்.

வைரஸுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: டிஎன்ஏ முழுக்க எதிர்மின்சுமை, தன்னைத்தானே விலக்கும். அதனால்தான் தலையின் வெறும் புரதக் கூட்டை முதலில் கட்டிவிட்டு, துளை வாசலில் ஒரு புரத மோட்டாரைப் பொருத்தி, செல்லின் எரிபொருளான ஏடிபியை எரித்து டிஎன்ஏவை உள்ளே திணிக்கிறது. டிஎன்ஏ நிறைய நிறைய லாம்டாவின் கூடும் விரிந்து கொடுக்கும். ஃபை29 என்ற வைரஸின் மோட்டாரை 2001-ல் அளந்தபோது 57 பிக்கோநியூட்டன் (ஒரு நியூட்டன் விசையில் லட்சம் கோடியில் 57 பங்கு) வரை இழுத்தது. அத்தனை சின்ன மூலக்கூறுக்கு இது அசுர பலம். இப்படி ஏறிய அழுத்தம்தான் பின்னால் டிஎன்ஏவை பாக்டீரியாவுக்குள் பீய்ச்சவும் உதவுகிறது.

எல்லா வைரஸும் இப்படித் திணிப்பதில்லை. புகையிலைச் செடியைத் தாக்கும் புகையிலை மொசைக் வைரஸுக்கு 30 சென்டிமீட்டர் நீளத்தில் பென்சில் தடிமன் குச்சி ஒன்று எடுங்கள். அதில் மூன்றரை மீட்டர் கயிற்றை (டிஎன்ஏவுக்குப் பதிலாக இந்த வைரஸில் இருக்கும் ஆர்என்ஏ இது) நெருக்கமாகச் சுற்றி, மொத்தம் 18 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை மேலே களிமண் அப்பி, குச்சியை உருவிவிடுங்கள். நடுவில் துளை இருக்கும், நிஜத்திலும் உண்டு. களிமண் இருக்குமிடத்தில் நிஜ வைரஸில் சுமார் 2,130 புரதங்கள், ஒவ்வொன்றும் ஆர்என்ஏவின் 3 எழுத்துகளைப் பிடித்தபடி படியேறுகின்றன. மோட்டாரே கிடையாது. 1955-ல் ஃப்ரேங்கல்-கான்ராட், ராப்ளி வில்லியம்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் தனித்தனியாகப் பிரித்த புரதத்தையும் ஆர்என்ஏவையும் சோதனைக் குழாயில் கலந்தார்கள். செடிக்கு நோய் கொடுக்கும் வைரஸ் தானாகவே கூடி எழுந்தது.