ஈரக் கரித் தொட்டிக்குள் இறங்காதீர்கள்
ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் செயலூட்டப்பட்ட கரி நஞ்சில்லாதது. கொட்டாங்குச்சி போன்றவற்றிலிருந்து எடுப்பது, தண்ணீரைச் சுத்தம் செய்வது. அதனாலேயே பலர் அதை அலட்சியமாகக் கையாளுகிறார்கள்.

உண்மையான ஆபத்து ஈரத்தில் இருக்கிறது. ஒரு கிராம் கரியின் நுண்துளைகளுக்குள் 500 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு உண்டு. ஈரமான கரி, மூடிய தொட்டிக்குள் சுற்றியுள்ள காற்றின் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் குறைந்த காற்றுக்குத் தனி வாசனையும் இராது, நிறமும் இராது; இறங்கியவர் மூச்சுத் திணறலை உணருமுன்பே மயங்கி விழலாம். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். கருவியால் அளந்து பார்த்து, 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் யாரையும் இறக்கவே கூடாது. காற்றோட்டம் கொடுத்த பிறகும் வெளியே ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் பதறிப்போய் அடுத்தவர் குதிப்பதுதான் உயிர்ப்பலியை இரட்டிப்பாக்குகிறது. தயவுசெய்து இதை உங்கள் பணியாளர்களிடம் சொல்லுங்கள்.

கரி மூட்டைகளை பிளீச்சிங் பவுடர், நீச்சல் குளக் குளோரின் போன்றவற்றின் அருகே அடுக்காதீர்கள், கலந்தால் தீப்பிடிக்கலாம். அசிட்டோன் போன்ற கரைப்பான்களின் ஆவியை உறிஞ்சும்போதும் கரி உள்ளுக்குள் சூடேறும். கரி புகைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். எனவே அறையை விட்டு உடனே வெளியேறுங்கள்.

வீட்டு வடிகட்டியில் கரி மாற்றுகிறவர்களுக்குத் தூசிதான் தொல்லை. முகக்கவசம் அணிந்து, மெதுவாகக் கொட்டி, முதலில் வரும் கறுப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள்.