தை, மாசிப் பனிக்கு வீட்டுக்குள் நாற்று

தை, மாசியில் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் பகல் வெயிலை நம்பி வெளியில் தக்காளி விதைத்தால், இரவுக் குளிர் மண்ணிலேயே விதை அழுகும். உள்ளே நாற்று வைத்தால் பங்குனி மழைக்கு நட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் உள்ளே போட வேண்டாம். கரட், முள்ளங்கி, போஞ்சி மூன்றும் பிடுங்கி நட்டால் சரிவராது, நேரே பாத்தியில்தான். லீக்ஸுக்கு 8 முதல் 10 வாரம், கறிமிளகாய்க்கு 7, 8 வாரம் வேண்டும். இவை தைப்பொங்கலோடு போக வேண்டியவை. கோவா, தக்காளிக்கு நான்கைந்து வாரம் போதும், மாசியில் போடலாம்.

கலவை: தும்புத்தூள் 2 பங்கு, சலித்த கூட்டெரு 1, ஆற்று மணல் 1. தும்புத்தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழியுங்கள். உருளைக்கிழங்கு போட்ட மண்ணைச் சேர்க்கவே வேண்டாம். அதிலுள்ள வாடல் நோய் தக்காளிக்கும் தொற்றும்.

யோகட் கப் அடியில் சூடேற்றிய ஆணியால் நாலு ஓட்டை போட்டு, கலவையை நிரப்பி நனைத்து, கப்புக்கு இரண்டு விதை வையுங்கள். தக்காளிக்கு அரை சென்ரிமீற்றர் ஆழம். செலரி, சலாது விதைக்கு வெளிச்சம் வேண்டும். மேலே தூவி விரலால் அழுத்தினால் போதும். பார்ஸ்லியை ஓர் இரவு ஊறப்போடுங்கள். அது மூன்று வாரமும் எடுக்கும், அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள்.

தக்காளி, கறிமிளகாய் முளைக்க 25 முதல் 30 பாகை வெப்பம் நல்லது. கப்பைப் பொலித்தீனால் மூடி அடுப்புத் திட்டின் ஓரத்தில் வையுங்கள். தொட்டால் வெதுவெதுப்பு போதும். சுட்டால் விதை வெந்துவிடும். சலாதுக்கு அந்தச் சூடு ஆகாது.

பெரும்பாலும் நாற்று கெடுவது இதற்குப் பிறகுதான். வளைந்த கழுத்து மண்ணுக்கு மேல் தெரிந்த அன்றே பொலித்தீனை எடுத்து ஜன்னலுக்கு மாற்றுங்கள். இருட்டில் சூடு மட்டும் கிடைத்தால் தண்டு வெளிறி நீண்டு சாயும். பின்னேரம் மூடுபனி இறங்கும் ஊரில் கிழக்கு ஜன்னல்தான் உதவும். தோட்டத்து வரிசை வீடான லயக் காம்பராவில் அப்படி ஜன்னல் இல்லையென்றால் எல்ஈடி டியூப் லைட்டை நாற்றுக்கு மேல் 10 சென்ரிமீற்றரில் கட்டி, தினம் 14 மணித்தியாலம் எரியவிடலாம்.

இன்னொரு கேடு நாற்றழுகல். இலை பச்சையாகவே இருக்கும். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு பழுத்து நூலாக மெலிந்து, காலையில் நாற்று படுத்துக் கிடக்கும். ஈரமும் அடைத்த காற்றும் நெருக்கமும் பூஞ்சைக்கு வாய்ப்பு. விழுந்ததைக் காப்பாற்ற முடியாது, கப்போடு அகற்றுங்கள். தண்ணீரை மேலே ஊற்றாமல், கப்பை ஒரு சென்ரிமீற்றர் தண்ணீரில் 15 நிமிடம் வைத்து எடுங்கள். மேல்மண் காய்ந்து கப் இலேசானால்தான் அடுத்த தண்ணீர். குழாய்த் தண்ணீர் சில்லிடும். முதல் நாளே பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரும் விதையிலைக்குப் பிறகு உண்மை இலை இரண்டு வந்ததும், கப்பிலுள்ள இரண்டில் மெலிந்த நாற்றைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அறும்.

நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து காலையில் வெளி நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, வெயிலுக்கும் பழக்குங்கள். இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள். பின்னேரம் நடுங்கள். வானம் தெளிந்து காற்றடங்கிய இரவென்றால் உறைபனி விழலாம். குச்சி நட்டு, இலையில் படாமல் சாக்கைப் போர்த்தி, வெயில் ஏறியதும் எடுங்கள்.