அத்தையின் குரலைக் கீபோர்டில் ஏற்றும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் வெள்ளிக்கிழமைதோறும் பஜனை நடக்கும். பாட்டுக்குப் பின்னால் நாலைந்து பேர் சேர்ந்து ‘ஆ’ என்று இழுப்பது போல ஓர் ஒலி வேண்டும் என்று ஆசை. அத்தையைப் பாடச் சொல்லி மொபைலில் பதிவு செய்தேன். அதை லேப்டாப்பில் சாம்ப்ளரில் (பதிவு செய்த ஒலியை வெவ்வேறு சுருதியில் வாசிக்க உதவும் மென்பொருளில்) போட்டு, 25 கட்டை மிடி கீபோர்டைச் செருகி வாசித்தால், வந்தது அத்தையின் குரலே இல்லை. மேலே போனால் குழந்தை கீச்சிடுவது போலவும், கீழே வந்தால் யாரோ தூக்கத்தில் முனகுவது போலவும் இருந்தது.

கீபோர்டு சரியில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் மிடி கீபோர்டு ஒலி எதையும் அனுப்புவதில்லை. எந்தக் கட்டையை, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்ற எண்களைத்தான் அனுப்புகிறது. குறை பெரும்பாலும் நாம் பதிவு செய்த துண்டில் இருக்கும்.

பலரும் செய்யும் தவறு, துண்டின் சுருதி என்ன என்று சாம்ப்ளருக்குச் சொல்லாமல் விடுவது. அத்தை பாடுவது 5 கட்டை, அதாவது ஜி. நாம் எதுவும் சொல்லாவிட்டால் பல சாம்ப்ளர்கள் அதை நடு சி என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் சி-யை அழுத்தினால் ஜி கேட்கும். பக்கத்தில் ஆர்மோனியம் வாசிப்பவரோடு எதுவும் சேராது. ரூட் கீ என்ற இடத்தில் சரியான கட்டையைக் கொடுத்தால் தீர்ந்தது.

இதில் ஒரு குழப்பம் உண்டு. நடு சி-க்கு மிடி எண் 60. அதே கட்டையை ஏபிள்டன் லைவ் சி3 என்று காட்டும், எஃப்எல் ஸ்டூடியோ சி5 என்று காட்டும், இன்னும் பல மென்பொருள்களில் அது சி4. அதனால் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். அத்தையின் ஜி 55. ட்யூனர் ஆப்பில் துண்டை ஒருமுறை ஓடவிட்டு, பத்துப் பதினைந்து சென்ட் விலகியிருந்தால் அதையும் சரிசெய்துவிடுங்கள். சென்ட் என்பது சுருதியின் நுண்ணிய அளவு: கறுப்பையும் சேர்த்து எண்ணினால் ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே 100 சென்ட். தனியாகக் கேட்டால் 15 சென்ட் தெரியாது, சுருதிப் பெட்டியோடு சேர்த்துக் கேட்டால் உறுத்தும்.

அடுத்தது, ஒரே துண்டைக் கீபோர்டு முழுக்க இழுப்பது. சாம்ப்ளர் சுருதியை ஏற்றுவது பழைய டேப்பை வேகமாக ஓட்டுவது மாதிரிதான். கறுப்பையும் சேர்த்து எண்ணினால் ஒரு கட்டைக்கு சுமார் 1.059 மடங்கு வேகம். 12 கட்டை ஏறினால் இரண்டு மடங்கு. 4 வினாடித் துண்டு 2 வினாடியில் முடிந்துவிடும். தொண்டையும் வாயும் குரலுக்குக் கொடுக்கும் நிறமும் கூடவே மேலே ஏறுவதால்தான் அந்தக் குழந்தைக் குரல். துண்டில் கமகம் இருந்தால் இன்னும் மோசம்: மேல் கட்டையில் அசைவு பதறும், கீழ்க் கட்டையில் இழுவையாகும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றோடொன்று இடிக்கும். அசைவில்லாமல் நேராக நிற்கும் சுரத்தைத்தான் பதிவு செய்ய வேண்டும். டைம் ஸ்ட்ரெச் என்ற வசதியைப் போட்டால் சுருதி மாறினாலும் நீளம் மாறாது, உண்மைதான். ஆனால் அதிக தூரம் போனால் குரல் கலங்கிய தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. குரலுக்கு அதை நான் நம்புவதில்லை.

பதிவு செய்யும் இடத்தையும் பாருங்கள். முதல் முறை கீழே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். துண்டில் அந்த ரீங்காரம் இருந்தால் ஒவ்வொரு கட்டைக்கும் அதுவும் சுருதி மாறும். ச, க, ப மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் 50, 63, 75 என்று மூன்று ரீங்காரம் அடியில் ஓடும். அத்தையின் ஜி 196 ஹெர்ட்ஸ். அதனால் 100-க்குக் கீழே இருப்பதை ஃபில்டரில் வெட்டிவிட்டேன், குரலில் ஒன்றும் குறையவில்லை. மோட்டாரின் மேல் சத்தம் ஃபில்டருக்கு அடங்காது. அதை நிறுத்திவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும்.

துண்டின் தொடக்கத்தில் இருக்கும் வெற்றிடத்தையும் வெட்டுங்கள். 50 மில்லிவினாடி மௌனம் சின்னதாகத் தெரியும். ஒரு ஸ்தாயி கீழே வாசித்தால் அது 100 ஆகும், தாளத்துக்குப் பின்னாலேயே ஓடுவீர்கள். வெட்டிய இடத்தில் ‘டிக்’ என்று கேட்டால் இரண்டு மூன்று மில்லிவினாடி ஃபேட் (ஒலியை மெல்ல ஏற்றுவது) போதும். புளூடூத் இயர்போனில் ஒலி தாமதமாக வரும், அதில் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டாம், ஒயர் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் திருத்திய பிறகு அத்தையை மறுபடியும் உட்கார வைத்தேன். ச, அந்தர காந்தாரம், ப, மேல் ச என்று நான்கு சுரம், ஒவ்வொன்றும் 6 வினாடி, அசைக்காமல். அவற்றை 55, 59, 62, 67 என்று தனித்தனியாக வைத்து, இடையில் உள்ள கட்டைகளைப் பக்கத்துச் சுரத்தோடு சேர்த்தேன். அந்த ஸ்தாயிக்குள் எந்தத் துண்டும் இரண்டு கட்டைக்கு மேல் நகர வேண்டியதில்லை. நான் வாசித்ததை அத்தை முதன்முறையாகக் கேட்டார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “பஞ்சமத்துல மூச்சு தெரியுது கண்ணா, அதை மட்டும் இன்னொரு தடவை பாடித் தரேன்” என்றார்.