மே மாதத்தில் ரம்புட்டான் தேடாதீர்கள்: குமரிப் பழத்தோட்டப் பயணத்தில் தவிர்க்க வேண்டியவை

பள்ளி விடுமுறை விட்டதும் குமரி மாவட்டத்துப் பழத்தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது ரம்புட்டானைத்தான். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கத்து மரங்களில் குலைகுலையாய்ச் சிவந்து தொங்குகிற படங்கள் ஜூலை, ஆகஸ்டில் எடுத்தவை. மே மாதம் போனால் பச்சைப் பிஞ்சுதான் இருக்கும். பறித்து வைத்தால் பழுக்கும் என்று நினைக்க வேண்டாம். மரத்தைவிட்டு இறங்கிய ரம்புட்டான் அதற்குமேல் இனிக்காது. அன்னாசியும் அப்படியே. சப்போட்டா நேர் எதிர்: மரத்தில் இருக்கும்போதே கடித்தால் பால் உதட்டில் ஒட்டும், பறித்துச் சில நாள் வைத்தால்தான் தின்ன ஆகும். மங்குஸ்தான் மே கடைசியில் அங்கொன்று இங்கொன்று கிடைத்தாலும், மழை விழுந்த பிறகுதான் நிறையும்.

கோடைக்கு உரியவை வேறு: சக்கை என்கிற பலாப்பழம், மாம்பழம், அயினிச்சக்கை என்கிற காட்டுப்பலா, கொல்லாம்பழம் என்கிற முந்திரிப்பழத்தின் கடைசி ஈடு, நுங்கு, அக்கானி என்கிற பதநீர். வாழை எப்போதும் உண்டு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழத்தை விட்டுவிட்டு, எந்த ஊரிலும் கிடைக்கிற பச்சைப்பழத்தை வாங்கித் தின்றுவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்ல!

அடுத்த தவறு, மாவட்டம் சின்னதுதானே என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைப்பது. கன்னியாகுமரியில் அரசுப் பழத்தோட்டம் இருக்கிற அகஸ்தீஸ்வரம் பக்கமும் தோவாளைப் பக்கமும் காய்ந்த நிலம், ஓயாத காற்று. பேச்சிப்பாறையோ ஈரம் குறையாத ரப்பர் காடு. இரண்டுக்கும் நடுவே சுமார் 60 கிலோமீட்டர். தக்கலை நெரிசலும் குலசேகரத்துக்கு மேலே வளைவுகளும் சேர்ந்தால் போகமட்டும் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம் போதும். கிழக்கே போனால் தொப்பியும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். மேற்கே போனால் அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பும் குடையும் வேண்டும். மலையோரத்தில் ஏப்ரல், மே மாதப் பிற்பகலில் இடியோடு கோடை மழை இறங்கும். அந்த நேரத்தில் மரத்தடியில் பிள்ளைகளோடு நிற்பது ஆபத்து. காலை ஏழரைக்குத் தோட்டத்தில் இருந்தால் உச்சிக்கு முன் முடித்துவிடலாம். வண்டியைத் தென்னை மூட்டிலோ சக்கை மரத்தடியிலோ நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நிழலைக் கண்டதும் நிறுத்திவிடுகிறார்கள்.

சக்கை வாங்குவதில் பெருசாய் இருப்பதைத் தூக்கிக்கொள்வது வழக்கமான பிழை. முள் நெருக்கமாகவும் கூராகவும் இருந்தால் விளையவில்லை என்று பொருள். விளைந்ததில் முள் அகன்று மழுங்கியிருக்கும், தட்டினால் உள்ளே குடம்போல் ஒலிக்கும், காம்பை ஒட்டிய இலை மஞ்சளித்திருக்கும். பழுத்ததை விரலால் அழுத்திப் பார்த்தால் குழைந்த சுளையுள்ள கூழைச்சக்கை நன்றாக அமுங்கும், கெட்டிச் சுளையுள்ள வருக்கை அவ்வளவு விட்டுக்கொடுக்காது. காரில் கொண்டுபோக வருக்கையே நல்லது. கூழை வழியிலேயே பிளந்துகொண்டால் அந்த மணம் வாரக்கணக்கில் போகாது. வெட்டும் முன் கத்திக்கும் இரண்டு கைக்கும் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். பிசின் ஒட்டிய பிறகு தண்ணீரில் கழுவினால் இன்னும் இறுகும். எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு. வெறும் வயிற்றில் இருபது சுளை தின்ற பிள்ளை திரும்பும் வழியில் வயிற்றைப் பிடிக்கும், நாலைந்து போதும்.

மிகக் கவனம் வேண்டிய இடம் கொல்லாமரம். பழத்தைத் தின்னலாம், துணியில் சாறு பட்டால் கறை போகாது, அவ்வளவுதான். கொட்டைதான் வம்பு. பச்சைத் தோட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தோலை வேகவைக்கும். உள்ளே பருப்பு இருக்கிறது என்று கடித்த பிள்ளையின் உதடு வீங்கிக் கொப்புளிக்கும். பட்டுவிட்டால் உடனே சோப்பு போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடவிடாதீர்கள். வாயிலோ கண்ணிலோ பட்டிருந்தால் மருத்துவரிடம் போவதே சரி. தோட்டத்திலேயே தீ மூட்டிச் சுட்டுத் தின்கிற ஆசையும் வேண்டாம். எண்ணெய் தெறித்துத் தீப்பிடிக்கும், புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

மாங்காயைக் கல்லெறிந்து வீழ்த்துகிறவர்களுக்கு இரண்டு நஷ்டம். அடிபட்ட இடம் பழுக்கும் முன் அழுகும். காம்பு முறிந்து பால் வழிந்தால் தோல் கருகும், முகத்தில் பட்டால் புண்ணாகும். வலை கட்டிய தொரட்டியால், காம்பு கொஞ்சம் நிற்கும்படி பறிக்கச் சொல்லுங்கள். மரத்தில் ஏறவிடும் முன் இலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறுக் கூடு, அதாவது கடிக்கிற செவ்வெறும்புக் கூடு, இருக்கிறதா என்று பாருங்கள்.

கீழே கிடப்பது இனிப்பாக இருக்கும் என்று பொறுக்கித் தின்பது பழைய பழக்கம். இப்போது அதை விட்டுவிட வேண்டும். பழந்தின்னி வௌவால்கள் நிபா வைரஸைச் சுமக்கின்றன. பக்கத்துக் கேரளத்தில் 2018-லும் அதற்குப் பிறகும் நிபா வந்திருக்கிறது. கடித்த தடமோ நகக்கீறலோ உள்ள பழத்தை அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுத் தின்னக் கூடாது, முழுசாகவே எறிந்துவிடுங்கள். மற்றதைக் கழுவித் தோலுரித்துத் தின்னுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ள பெரியவர்கள் நட்சத்திரப்பழத்தைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள நஞ்சு அவர்கள் உடம்பில் தங்கி மூளையைப் பாதிக்கும்.

அக்கானி காலையில் இறக்கினதும் குடிக்க வேண்டியது. கலயத்தில் தடவிய சுண்ணாம்புதான் அதைப் புளிக்காமல் பிடித்து வைக்கிறது, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. பாட்டிலில் அடைத்துச் சாயங்காலம் வரை வெயில் காரில் வைத்தால் நுரைத்து மூடியைத் தள்ளும்.

கடைசியாகக் கன்று. ஒட்டு ரம்புட்டானா, விதைக்கன்றா என்று கேட்காமல் வாங்குகிறவர்கள் பலர். விதையில் முளைத்ததில் பாதியளவு ஆண்மரமாகப் போகும். நாலைந்து வருஷம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அது காய்க்காது என்று தெரியும். மங்குஸ்தானுக்கு அந்தப் பயமில்லை, விதைக்கன்று தாய்மரம் போலவே வரும், ஆனால் காய்க்க ஏழெட்டு வருஷமாவது பொறுக்க வேண்டும். இரண்டையும் கடற்கரை உப்புக்காற்றில் நட்டால் இலை ஓரம் கருகும். வாங்கிய கன்றைத் திறந்த ஜன்னல் காற்றில் கொண்டுபோகாதீர்கள், வீடு சேரும் முன் வாடிவிடும். மே வெயிலிலேயே நடவும் வேண்டாம். நிழலில் வைத்து, ஜூன் மழை மண்ணை நனைத்த பிறகு, ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே நிற்கும்படி நடுங்கள்.